ஆலி: மலைப்புல்வெளி பனிச்சறுக்குத் தலமான வரலாறும் அது புகட்டும் பாடமும்

இயற்கை ஒரு நிலத்திற்கு வழங்கும் தனிச்சிறப்பான பொருளொன்றைப் பற்றிக்கொண்டு ஊர்கள் தோன்றுவதுண்டு. கடற்கரையில் முத்தும் உப்பும், ஆற்றங்கரையில் நெல்லும், கோலார் தங்கவயலில் பாறையினுள் ஒளிந்து கிடந்த பொன்னும் இவ்வாறு ஊர்களை உண்டாக்கின. சாம்பியன் ரீப்ஸ் என்னும் ஊர்ப் பெயரில் உள்ள ‘ரீப்’ என்பதே பொன் தாங்கிய பாறைப் படிவத்தைக் குறிக்கும் சுரங்கச் சொல்லாகும். உலகின் வேறு சில பகுதிகளில் பொன் செய்த இவ்வேலையை வெண்பனி செய்துள்ளது. ஆண்டில் சில மாதங்களே நிலத்தின் மேல் தங்கும் வெண்பனி, ஆடு மாடு மேய்த்து வாழ்ந்த மலைக் கிராமங்களைச் செல்வம் கொழிக்கும் விளையாட்டுத் தலங்களாக மாற்றியிருக்கிறது.

இத்தகைய மாற்றம் நம் நாட்டிலும் நிகழ்ந்துள்ளது. உத்தரகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்திலுள்ள ஆலி என்னும் மலைப்புல்வெளி அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அது வளர்ந்த விதத்தையும், அதன் அடிவாரத்திலுள்ள ஜோஷிமட் என்னும் ஊருக்கு நேர்ந்ததையும் ஒருங்கே நோக்குவோமாயின், மலைநிலத்தில் பணியாற்றும் ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் அறிந்துகொள்ளத்தக்க உண்மையொன்று புலனாகும்.

வெண்பனி என்பது யாது?

பனி என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது மார்கழி மாதத்து விடியற்காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியேயாகும். காற்றிலுள்ள நீராவி, குளிர்ந்த பொருள்களின் மேல் படிந்து நீராவதால் இது உண்டாகிறது. நீலகிரியில் உதகமண்டலம் போன்ற இடங்களில் குளிர்காலத்து இரவுகளில் நிலத்தின் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே சென்று, புல்வெளி வெள்ளையாகக் காணப்படும். அது உறைபனி. வெண்பனியோ இவ்விரண்டினும் வேறானது. மிகக் குளிர்ந்த மேகத்தினுள்ளேயே நீராவி அறுகோண வடிவமுடைய படிகங்களாக மாறி, பஞ்சுத் துகள் போல் கீழே விழுவது அது.

நிலமட்டத்திலிருந்து உயரே செல்லச் செல்ல, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. ஆகவேதான் இமயமலையின் உயர்ந்த சரிவுகளில் குளிர்காலத்து ஈரக்காற்று மழையாகப் பெய்யாமல் வெண்பனியாகப் பெய்கிறது. இவ்வீரக்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும் புயற்சலனங்களால் கொண்டுவரப்படுவதாகும்.

புதிதாக விழுந்த பனியில் பெரும் பகுதி காற்றேயாம். சுமார் 10 சென்டிமீட்டர் புதுப்பனியை உருக்கினால் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீரே கிடைக்கும். நீண்ட பட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு ஒருவர் இதன்மீது நிற்கும்போது, அவருடைய எடை பரந்த பரப்பில் பரவுவதால் அவர் புதைந்து போவதில்லை. பட்டை நகரும்போது உராய்வினால் தோன்றும் வெப்பம் பனியின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது. அப்படலமே எண்ணெய் போல் உதவி, பட்டையை வழுக்கிச் செல்ல விடுகிறது. பனிச்சறுக்கு என்னும் விளையாட்டின் பௌதிக அடிப்படை இதுவே.

ஆல்ப்ஸ் மலைக் கிராமங்கள் கற்றது

பனிச்சறுக்குப் பட்டைகள் நார்வே முதலிய வடநாடுகளில் நெடுங்காலமாகப் போக்குவரத்துக் கருவிகளாகப் பயன்பட்டன. அவை ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயாகும். அதற்கு முன்பே சுவிட்சர்லாந்தின் செயிண்ட் மோரிட்ஸ் என்னும் ஊரில் குளிர்கால விருந்தினர் வரத் தொடங்கிவிட்டனர். 1864ஆம் ஆண்டில் அவ்வூர் விடுதியாளரான யோகான்னஸ் பாட்ரூட் என்பார், கோடையில் தங்கியிருந்த ஆங்கிலேயரைக் குளிர்காலத்திலும் வருமாறு பந்தயம் கட்டி அழைத்தார் என்று கூறுவர். 1924ஆம் ஆண்டில் பிரான்சிலுள்ள ஷாமோனியிலும், 1928ஆம் ஆண்டில் செயிண்ட் மோரிட்ஸிலும் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சன் வாலி என்னுமிடத்தில், ஓடும் கம்பிவடத்தில் நாற்காலிகளைத் தொங்கவிட்டு ஆட்களை மேலேற்றும் அமைப்பு முதன்முதலாக இயங்கியது. வாழைத்தார்களைக் கப்பலில் ஏற்றுவதற்கான இயந்திரமே அதனை வகுத்த பொறியியலாளருக்கு வழிகாட்டியாயிற்று. மலையேறும் உழைப்பை இயந்திரம் ஏற்றுக்கொண்டமையால், வலிமையுடைய சிலரின் விளையாட்டு ஆயிரக்கணக்கானோரின் பொழுதுபோக்காக மாறியது.

எனினும் ஆல்ப்ஸ் மக்கள் வெண்பனியின் நன்மையை மட்டுமே கண்டவரல்லர். பனிச்சரிவு என்னும் பேராபத்தையும் அவர்கள் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தனர். சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் கிராமத்தார் தம் ஊருக்கு மேலுள்ள காட்டில் எவரும் மரம் வெட்டலாகாது என்று 1397ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தனர். அக்காடே பனிச்சரிவைத் தடுத்து ஊரைக் காக்கும் அரண் என்பதை அவர்கள் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர். ஆயினும் விடுதிகள் பெருகிய காலத்தில் முன்னோர் வீடு கட்டத் தயங்கிய இடங்களிலும் கட்டடங்கள் எழுந்தன. 1950–51ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் பிரதேசம் முழுவதிலும் ஏற்பட்ட பனிச்சரிவுகளால் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே அபாய வரைபடங்கள் தயாரிக்கும் முறை அந்நாட்டில் வேரூன்றியது. அவ்வரைபடத்தில் சிவப்பு நிறம் தீட்டிய நிலத்தில் புதிய கட்டடம் எழுப்புதல் தடை செய்யப்பட்டுளது. நீல நிறம் தீட்டிய நிலத்தில் நிபந்தனைகளுடன் கட்டலாம். வருவாய் தரும் நிலமாயினும் அதன் இயல்பை ஆராய்ந்த பின்னரே கட்டுதல் வேண்டும் என்பதை அவர்கள் பெருவிலை கொடுத்தே கற்றனர்.

ஆலியின் வளர்ச்சி

ஆலி, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,500 மீட்டரிலிருந்து 3,000 மீட்டர் வரை உயர்ந்து செல்லும் சரிவில் அமைந்துளது. கீழே ஓக், தேவதாரு முதலிய மரங்கள் அடர்ந்த காடும், மேலே மரமற்ற புல்வெளியும் உள்ளன. இத்தகைய புல்வெளியை அப்பகுதியார் ‘புக்யால்’ என்பர். கோடையில் கால்நடைகள் மேய்வதற்கு உரியதாய் விளங்கிய நிலம் இது. 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவி சிகரம் இங்கிருந்து தெளிவாகத் தோன்றும்.

ஆலியின் அடிவாரத்தில், சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் ஜோஷிமட் நகரம் உள்ளது. ஆதிசங்கரர் நிறுவிய மடங்களுள் வடதிசை மடம் இங்குள்ளது. தமிழ் வைணவர் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகிய திருப்பிரிதி என இவ்வூரையே கொள்வர். பத்ரிநாத் கோயில் குளிர்காலத்தில் மூடப்படும்போது வழிபாடு நடைபெறும் இடமும் இதுவேயாதலால், யாத்திரிகர்கள் நெடுங்காலமாக இங்கு வந்து சென்றனர். 2024ஆம் ஆண்டில் இவ்வூரின் பெயர் ஜோதிர்மட் என மாற்றப்பட்டது.

1962ஆம் ஆண்டு எல்லைப் போருக்குப் பின் இப்பிரதேசத்தின் நிலைமை மாறிற்று. அவ்வாண்டு தோற்றுவிக்கப்பட்ட இந்தோ–திபெத்திய எல்லைக் காவற்படை, தன் வீரர்களுக்கு மலையேற்றமும் பனிச்சறுக்கும் பயிற்றுவிக்கும் நிலையத்தை 1973ஆம் ஆண்டில் ஆலியில் அமைத்தது. உயர்ந்த மலை எல்லையைக் காப்போர்க்குப் பனிச்சறுக்கு விளையாட்டன்று. கால்நடை போன்ற இன்றியமையாத தேவை. அவ்வீரர்கள் பயின்ற சரிவே பின்னர்ப் பொதுமக்களின் கவனத்தையும் ஈர்த்தது.

அக்காலத்தில் இப்பகுதி உத்தரப் பிரதேச மாநிலத்தில் அடங்கியிருந்தது. வேலை தேடி இளைஞர் சமவெளிக்கு இறங்கிச் செல்வதைக் குறைக்கவும், யாத்திரைக் காலம் முடிந்தபின் வெறிச்சோடிக் கிடக்கும் ஊர்களுக்குக் குளிர்காலத்திலும் வருவாய் தேடித் தரவும் பனிச்சறுக்கு உதவும் எனக் கருதப்பட்டது. ஜோஷிமட் நகரிலிருந்து ஆலிக்குச் செல்லும் கம்பிவடப் பாதை 1994ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. பழனிமலையில் 2004ஆம் ஆண்டு முதல் ஓடும் ரோப் காரைக் கண்டவர்கள் இதன் அமைப்பை எளிதில் மனத்தில் கொள்ளலாம். ஆனால் ஆலியின் பாதை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுடையது. பத்துக் கோபுரங்களைக் கடந்து 1,000 மீட்டருக்கு மேல் உயர்கிறது. வளைந்து வளைந்து ஏறும் சாலையில் நெடுநேரம் பிடிக்கும் பயணம் இதனால் சுருங்கியது.

2000ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் உத்தரகண்ட் தனி மாநிலமாயிற்று. 2011ஆம் ஆண்டு ஜனவரியில் முதலாவது தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் டேராடூனிலும் ஆலியிலும் நடைபெற்றன. சறுக்குப் பயிற்றுநர், வழிகாட்டி, வாகன ஓட்டுநர், தேநீர்க் கடைக்காரர், விடுதி ஊழியர் எனப் பலருக்கு இத்தலம் பிழைப்பளித்தது. இவ்வளர்ச்சியை வீண் என்று எவரும் தள்ளிவிட இயலாது. குளிர்காலத்தில் வேலையின்றி இருந்த குடும்பங்களுக்கு அது அடுப்பெரிய வழி செய்தது.

செய்பனியும் அதன் எல்லையும்

பனிச்சறுக்குத் தலத்தின் பிழைப்பு முழுவதும் பனிப்பொழிவைச் சார்ந்தது. அது பொய்த்தால் ஏரி வற்றிய ஊரின் உழவர் நிலையே அத்தலத்தார் நிலையுமாகும். இக்குறையைப் போக்க, ஆலியில் செயற்கை ஏரியொன்றும், செய்பனி தூவும் இயந்திரங்களும் அமைக்கப்பட்டன. அழுத்தப்பட்ட காற்றுடன் நீரை நுண்ணிய திவலைகளாகச் சிதறச் செய்தால், அத்திவலைகள் கீழே விழுவதற்குள் உறைந்து பனித்துகள்களாகும் என்பதே இம்முறையின் தத்துவம். காற்று குளிர்ந்ததாயும் உலர்ந்ததாயும் இருத்தல் இதற்கு அவசியம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஏறத்தாழ சுழிக்குக் கீழ் 2 பாகை அளவையேனும் காட்டாவிடில் இயந்திரம் பயன்படாது. அன்றியும் இதற்கு மிகுதியான நீர் வேண்டும். ஒரு கன மீட்டர் நீரிலிருந்து இரண்டு, இரண்டரை கன மீட்டர் அளவே செய்பனி கிடைக்கும்.

ஆகவே குளிர் குறைந்த ஆண்டுகளில் இயற்கைப் பனியும் இல்லை; செய்பனிக்கும் வழியில்லை. 2018ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் பனி போதாமையால் ஆலியில் நடைபெறவிருந்த போட்டிகள் கைவிடப்பட்டன. பூமியின் சராசரி வெப்பநிலை உயர்ந்து வரும் இந்நாளில், தாழ்ந்த உயரத்திலுள்ள ஆல்ப்ஸ் தலங்கள் பலவும் இதே இடரில் உள்ளன.

காலடியிலுள்ள நிலம்

மேலே பனி நிச்சயமற்றதாயிருக்க, கீழே நிலமும் உறுதியற்றது என்பதே ஜோஷிமட்டின் துயரம். இவ்வூர் கெட்டியான பாறையின் மேல் அமைந்ததன்று. பண்டைக் காலத்தில் நிகழ்ந்த பெரும் மலைச்சரிவு ஒன்றினால் வந்து குவிந்த மண், மணல், உருண்டைப் பாறைகள் ஆகியவற்றின் குவியலே இதற்கு அடித்தளம். அலகநந்தாவும் தௌலிகங்காவும் விஷ்ணுப்பிரயாகையில் கூடுமிடம் இச்சரிவின் அடியிலேயே உள்ளது. ஆறு அடிமண்ணை அரிக்கிறது. மழை நீரும் உருகிய பனி நீரும் மேலிருந்து குவியலுக்குள் ஊறுகின்றன. நிலநடுக்க அபாயம் மிக்க பகுதியும் இதுவாகும்.

இவை புதிய செய்திகளல்ல. ஊரில் நிலம் அமிழ்வது கண்டு, கட்வால் பிரதேசக் கமிஷனராயிருந்த எம். சி. மிஸ்ரா தலைமையில் அமைக்கப்பட்ட குழு 1976ஆம் ஆண்டிலேயே தன் அறிக்கையை அளித்தது. நிலத்தின் தாங்கு திறனை ஆராயாமல் பெரிய கட்டடங்கள் எழுப்பலாகாது, சரிவைத் தாங்கி நிற்கும் பாறைகளைத் தோண்டியோ வெடிவைத்தோ அகற்றலாகாது, மரங்களை வெட்டலாகாது, புதிய மரங்கள் நடவேண்டும், மழைநீரும் கழிவுநீரும் மண்ணில் ஊறாதபடி பாதுகாப்பான கால்வாய்கள் அமைக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் முக்கியமானவை.

அறிக்கை வெளிவந்த பின்னரே கம்பிவடம் வந்தது, சாலைகள் அகன்றன, நீர்மின் திட்டத்திற்கான குகைவழி அகழப்பட்டது, பல அடுக்கு விடுதிகள் எழுந்தன. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஊரின் மக்கள்தொகை 16,709. யாத்திரிகரும் பனிச்சறுக்குப் பயணிகளும் வந்து தங்கும் நாட்களில் பயன்படுத்தப்படும் நீரின் அளவு இதற்கேற்ப உயரும். அந்நீர் முழுவதையும் ஆற்றுக்குக் கொண்டுசெல்லும் வடிகால் ஊரில் இல்லாமையால், பெரும்பகுதி மண்ணிலேயே இறங்கியது.

2023ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் ஊரின் கீழ்ப்பகுதியில் கலங்கிய நீர் திடீரெனப் பீறிட்டது. சுவர்களிலும் தெருக்களிலும் வெடிப்புகள் அகன்றன. 868 கட்டடங்களில் வெடிப்புகள் கணக்கிடப்பட்டன. அவற்றுள் 181 கட்டடங்கள் பாதுகாப்பற்ற பகுதியில் இருந்தன. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. ஒன்றன்மீதொன்று சாய்ந்து நின்ற இரு விடுதிகள் இடித்து அகற்றப்பட்டன. கம்பிவடப் பாதையின் போக்குவரத்தும் அம்மாதத்தில் நிறுத்தப்பட்டது. செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த தேசியத் தொலையுணர்வு மையம், 2022 ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஏழு மாதங்களில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டரும், டிசம்பர் 27 முதல் ஜனவரி 8 வரை பன்னிரண்டு நாட்களில் 5.4 சென்டிமீட்டரும் நிலம் அமிழ்ந்ததாகக் கண்டது. இவ்விரு எண்களையும் ஒப்பிட்டால், மெல்ல நகர்ந்துகொண்டிருந்த நிலம் எவ்வளவு விரைவாக நகரத் தொடங்கியது என்பது விளங்கும்.

இதற்குக் காரணம் குகைவழியே என்று ஊரார் பலர் குற்றஞ்சாட்டினர். திட்டத்தை நடத்துவோர் அதனை மறுத்தனர். இவ்வாதத்தில் எவர் பக்கம் சாயினும், தளர்ந்த மண், அதனுள் ஊறும் நீர், அதன்மேல் ஏறிய பாரம் ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தன என்பதில் ஐயமில்லை. இம்மூன்றையும் 1976ஆம் ஆண்டு அறிக்கை முன்னரே எடுத்துக் கூறியிருந்தது.

சாம்பியன் ரீப்ஸ் காட்டும் ஒப்புமை

கோலார் தங்கவயலில் வாழ்ந்தோர்க்கு இச்செய்தி அந்நியமானதன்று. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்றது. அவ்வாழத்தில் மேலுள்ள பாறையின் அழுத்தம் அளவு கடந்தது. தாது அகற்றப்பட்ட வெற்றிடத்தைச் சுற்றியிருந்த பாறை திடீரென வெடித்துச் சிதறுவதும், அதன் அதிர்ச்சியில் மேலுள்ள தொழிலாளர் குடியிருப்புகளில் பாத்திரங்கள் உருளுவதும் அங்கு வழக்கமாயிருந்தன. இப்பாறைவெடிப்புகளால் உயிரிழந்தோர் பலர். அதனாலேயே பாறையின் அதிர்வைக் கருவிகளால் பதிவு செய்து ஆராய்வது அங்கு ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. 1988ஆம் ஆண்டில் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அங்கு நிறுவப்பட்டதும் இவ்வனுபவத்தின் பயனேயாகும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை நின்றது; ஆனால் குடைந்த நிலமும், அதனுள் புகுந்த நீரும், சயனைடு மேடுகளும் ஊரோடு நின்றுவிட்டன.

பொன்னும் பனியும் வேறு வேறு பொருள்களாயினும், அவற்றை நம்பிய ஊர்களின் கணக்கு ஒன்றே. வருவாய் தரும் பொருள் ஒருநாள் குறையலாம் அல்லது நின்றுவிடலாம். மக்கள் குடியிருக்க வேண்டிய நிலமோ என்றும் வேண்டப்படுவது. ஆகவே பொருளை எடுக்குமுன் நிலத்தை அளந்தறிதல் வளர்ச்சிக்குத் தடையன்று. வளர்ச்சியின் முதற்படி அதுவே.

நம் மலைகளில் செய்யத்தக்கவை

தமிழ்நாட்டில் பனிச்சறுக்குத் தலம் இல்லையாயினும், கோடை வாசஸ்தலங்கள் உண்டு. நீலகிரியில் 2009ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையால் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறத்தலாகாது. மலைப்பகுதிகளில் பணியாற்றும் ஊழியர்கள் கீழ்க்கண்ட அறிகுறிகளைக் கூர்ந்து நோக்குதல் நலம்: அடைத்துத் திறந்துகொண்டிருந்த கதவு திடீரென இறுகிப் போதல்; முன்பில்லாத இடத்தில் ஊற்று தோன்றுதல்; தெளிந்த ஊற்றுநீர் கலங்கி வருதல்; மரங்களும் கம்பங்களும் ஒரே திசையில் சாய்தல்; சரிவின் மேற்பகுதியில் பிறை வடிவமான வெடிப்பு காணப்படுதல்.

சுவர் வெடிப்பு வளர்கிறதா என்பதை அறிய எளிய முறையொன்று உண்டு. ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய கண்ணாடித் துண்டை வெடிப்பின் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் சிமெண்டினால் பதித்து, அருகில் தேதியை எழுதிவைக்க வேண்டும். சுவர் சிறிது நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்த நாளைக் குறித்து, வெடிப்பின் அகலத்தை மாதந்தோறும் அளந்து பதிவேட்டில் எழுதி வந்தால், அப்பதிவேடு மேலதிகாரிகளுக்கும் பொறியியலாளருக்கும் மறுக்கவொண்ணாத சான்றாக அமையும்.

ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து காட்டத்தக்க சோதனையும் ஒன்றுளது. ஒரு பலகைத் தட்டில் மணலும் கூழாங்கல்லும் கலந்து சரிவாகக் குவித்து, மேலே ஒரு செங்கல் துண்டை வீடு போல் வைக்க வேண்டும். உலர்ந்த மணல் ஏறத்தாழ 34 பாகைச் சாய்வு வரை நிற்பதை மாணாக்கர் அளந்து காணலாம். சிறிதளவு நீர் தெளித்தால் மணல் முன்னினும் இறுகி நிற்கும். மேலும் மேலும் நீர் வார்த்தால் அதே மணல் குழைந்து வழியும். பின்னர்ப் புதிதாக ஒரு குவியல் செய்து, அதன் அடியிலுள்ள மணலைக் கரண்டியால் சிறிது சிறிதாக அகற்றினால், நீர் வார்க்காமலே செங்கல் இறங்குவதைக் காணலாம். நீர், பாரம், அடிமண் அரிப்பு ஆகிய மூன்றின் விளைவையும் ஒரு பாடவேளைக்குள் மாணாக்கர் கண்கூடாக அறிவர்.

வீட்டுச் சுவரில் வெடிப்பு கண்ட மாணாக்கன் அதனைத் தன் ஆசிரியரிடம் கூறவும், ஆசிரியர் அதனைக் களப்பணியாளரிடம் தெரிவிக்கவும், களப்பணியாளர் அளந்து பதிவு செய்யவும் ஏற்பாடு இருக்குமாயின், 1976ஆம் ஆண்டின் எச்சரிக்கை 2023ஆம் ஆண்டு வரை கேட்பாரின்றிக் கிடந்தது போன்ற நிலை நம் மலைகளுக்கு நேராது.